ஞா கசில்தாவின் வாயில்லா விருந்தாளி

“வேண்டாம்னு சொல்ற வாயைத்தான் முதல்ல நிறைக்கணும்” என்று சொல்லிக்கொண்டே, ஜன்னலோரம் கோட்டும் டையுமாகத் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஆசாமியின் மடியில் ஒரு சூடான சிப்பா ரொட்டியை வைத்துவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்துவிட்டார் ஞா கசில்தா. கோட்டுக்காரர் விழித்துக்கொண்டு, “நான் கேக்கலியேம்மா” என்றார். “பசி என்ன கேட்டுட்டா வருது? தின்னுங்க ராசா, ஆறிடும்” என்று பதில் மட்டும் மூன்று இருக்கை தள்ளியிருந்து வந்தது. பேருந்து அடுத்த வளைவு திரும்புவதற்குள் அந்த மனிதர் விரலில் ஒட்டிய துணுக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

அசுன்சியோன் சாலையில் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் பேருந்துகள் வேகம் குறைக்கும் இடத்தில் ஏறி, அடுத்த ஊரில் இறங்கி, எதிர் வண்டியில் திரும்பி வருவதுதான் அவருடைய பிழைப்பு. தலையில் கூடை, இடுப்பில் வெள்ளை ஏப்ரன், பெயருக்கு முன்னால் ‘அம்மா’ என்பதற்கு எங்கள் ஊர் சொல்கிற ‘ஞா’. மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பன்றிக் கொழுப்பும் சோம்பும் சேர்த்துப் பிசைந்து, வளையமாக உருட்டி, வாழை இலைமேல் வைத்துச் சுட்ட சிப்பா எங்கள் சாலையில் எல்லாப் பெண்கள் கூடையிலும் இருக்கிறது. மற்றவர்கள் அதை விற்கிறார்கள். கசில்தா ஊட்டுகிறார். பராகுவே நாட்டில் ஒல்லியாக ஒருவர் நடமாடினால் அது தன் சொந்தக் கௌரவத்துக்கு இழுக்கு என்று நினைக்கிற பெண்மணி அவர்.

ஆட்களை அவர் எடைபோடுவது தின்கிற அழகை வைத்துத்தான். புதிதாக வந்த பாதிரியார் பிரசங்கம் எப்படிச் செய்கிறார் என்று ஊரே அலசிக்கொண்டிருந்தபோது, “நல்ல மனுஷன்டி, எலும்பைக்கூட விடறதில்ல” என்று ஒரே வரியில் சான்றிதழ் கொடுத்து முடித்துவிட்டார். அவர் வளர்த்த கிளி கொழுத்துப்போய், கம்பியில் உட்கார முடியாமல் கூண்டுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்திச் செத்தது. “வயிறு நிறைஞ்சு போயிருக்கு, குடுத்துவெச்ச ஜீவன்” என்று பெருமையும் அழுகையுமாகப் புதைத்தார். தெருநாய்கள் அவர் வாசலில் குரைப்பதே இல்லை, அதற்கு மூச்சு வேண்டுமே.

இந்தக் கையைத் தோற்கடித்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய கணவர் அகுஸ்தின். படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நாட்களில் அந்த மனிதர் வாயை இறுக மூடிக்கொண்டுவிட்டார். கோழி சூப்பு போன கரண்டி அப்படியே திரும்பி வந்தது. “என்னை அடிச்சிட்டுப் போயிருந்தாலும் பரவால்ல, பட்டினியாப் போயிட்டாரே” என்று இத்தனை வருஷம் கழித்தும் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கூடைக்காரி குரலாக இருக்காது.

அடுத்த மனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர் கராய் தோரிபியோ, கராய் என்றால் ஐயா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதற்கு நேரமில்லை என்பார். இருட்டோடு போகும் லாரிக்காரர்களுக்காக வாசலில் ஒரு பெரிய விளக்கைப் போட்டு வைத்திருப்பார். அந்த வெளிச்சத்தில் எங்கள் தெருவில் யாரும் ஊசியில் நூல் கோக்கலாம். விடிகாலையில் அடுப்பிலிருந்து இறங்கும் முதல் சிப்பா அவருக்குத்தான். வாங்கிக் கடித்துவிட்டு, “இன்னிக்கு உப்பு பத்தல ஞா கசில்தா” என்பார். “உங்க நாக்குல டயர் ரப்பர் ஒட்டியிருக்கு கராய், அதைச் சுரண்டிட்டு வாங்க” என்பார் இவர். உப்பு பத்தாத அந்தப் பண்டத்தில் இன்னும் இரண்டை வாங்கிக்கொண்டு அவர் போவார். இது எதில் போய் முடியும் என்று பந்தயம் கட்டியவர்களுக்கெல்லாம் எங்கள் தெருவில் தலை நரைத்துவிட்டது.

இரண்டு மனைக்கும் நடுவில், கசில்தாவின் மண் அடுப்புக்குப் பின்னால், ஆமணக்குச் செடிகள் தானாக முளைத்து மரம்போல் நிற்கின்றன. போன கோடையின் முடிவில் அந்த இலைகளில் புழுக்கள் வந்து சேர்ந்தன. பச்சை நிறம், கட்டைவிரல் பருமன். மாவு பிசைந்துகொண்டிருந்த கசில்தாவின் காதில் முதலில் விழுந்தது அவை மெல்லும் சத்தம். நறுக் நறுக்கென்று ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். காலையில் முழுசாக இருந்த இலை, பேருந்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் நரம்பாக நின்றது. அடியில் மிளகைக் கொட்டினாற்போல் எச்சம்.

“பாருங்கடி, இதுங்கதான் பிள்ளைங்க! ஒண்ணாவது மூஞ்சியைத் திருப்புதா? ஒண்ணாவது போதும்னு சொல்லுதா?” என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

எதிர்வீட்டு ஞா நிக்கனோரா எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். “கசில்தா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இது உராடி. நாளைக்கு ரெக்கை முளைச்சு வந்து மூத்திரத்தைத் தெளிச்சுட்டுப் போகும். எண்ணெயை ஊத்திக் கொளுத்து.”

உரா என்றால் எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இருட்டில் வரும் பெரிய அந்துப்பூச்சி. அதன் நீர் உடம்பில் பட்டால், பட்ட இடத்தில் தோலுக்கடியில் புழு வளரும். அப்படிப் புழு வைப்பது ஒரு ஈ என்று சுகாதார நிலையத்துச் சுவரில் படம் போட்டே எழுதியிருக்கிறது. அந்தப் படத்தை ரொம்ப நேரம் நின்று பார்ப்போம், பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து துடைப்பத்தைக் கைக்கெட்டும் இடத்தில் சாத்தி வைப்போம்.

கசில்தாவுக்கும் உரா என்றால் பயம்தான். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற யாரையும் எழுப்பிவிட அவருக்கு மனசு வராது. “தின்னு முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார். தின்று முடித்த புழுக்கள் கிளையோரங்களில் பட்டு நூலால் கூடு கட்டித் தொங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டன. சிலதைப் பறவைகள் கொத்திப் பிய்த்தன. சிலவற்றிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதிலாகக் குளவிகள் வந்தன. குளிர்காலம் முடியும்போது தோரிபியோ, வெளிச்சத்தை மறைக்கிறது என்று ஆமணக்கை வெட்டிச் சாய்க்க அரிவாளோடு வந்தார். கசில்தா ஒவ்வொரு கூடாக எடுத்து, முட்டையை ஆட்டிப் பார்ப்பதுபோல் காதோரம் வைத்து ஆட்டினார். ஒன்றே ஒன்றுதான் கனமாக இருந்தது, உள்ளே ஏதோ புரண்டது. அந்தக் குச்சியை ஒடித்து எடுத்துச் சமையலறை ஜன்னலில் செருகிவிட்டு, ஒரு செடியையாவது விடச்சொல்லித் தோரிபியோவிடம் சண்டை போட்டு வாங்கினார்.

செப்டம்பரில் வெயில் திரும்பியது. ஒருநாள் காலை, உப்பு பத்தவில்லை என்று சொல்லத் தோரிபியோ ஜன்னலில் கையை ஊன்றியிருந்தார். கூட்டின் நுனி ஈரமாகி, அதிலிருந்து பஞ்சு போர்த்திய ஒரு தலை வெளியே வந்தது. பிறகு கால்கள், பருத்த வயிறு. மேலே ஏறித் தொங்கிக்கொண்டு, கசங்கிய துணிபோல் இருந்த சிறகுகளை மெல்ல மெல்ல விரித்தது. காய்ந்த செங்கல் நிறம். ஒவ்வொரு சிறகிலும் கண்ணாடி பதித்தாற்போல் ஒரு முக்கோணத் துவாரம், அதன் வழியே பின்னாலிருக்கும் பானை தெரிந்தது. இரண்டு பேரும் சண்டையை மறந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, பல மாதமாக உள்ளே அடக்கி வைத்திருந்த நீரை அது ஒரே பீச்சாகப் பீச்சியது. முழுதும் தோரிபியோவின் முழங்கையில்.

அவர் போட்ட சத்தத்தில் சாலையில் ஒரு லாரி நின்றது. “உரா! உரா ஊத்திடுச்சு! நான் செத்தேன்!”

“சத்தம் போடாதீங்க கராய், பொறந்த குழந்தை பயப்படும்.”

“குழந்தையா? எனக்குள்ள வளரப்போகுதே, அது யாரு குழந்தை?”

நிக்கனோரா வந்து, பச்சைப் புகையிலையையும் பன்றிக் கொழுப்பையும் வைத்து முழங்கையைக் கட்டிவிட்டார். புழு கொழுப்பு வாசத்துக்குத் தலையை நீட்டும், அப்போது பிடுங்கிவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கட்டோடு தோரிபியோ தெருவில் நடந்ததைப் பார்த்தால் போரிலிருந்து திரும்பியவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளே நடமாட்டம் தெரிகிறது என்றார்.

தோரிபியோ அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிய அந்த நேரத்தில்தான் கசில்தா செய்யக்கூடாததைச் செய்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த ஜீவனைத் தொங்க விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவரால் முடியுமா? இத்தனை மாதம் பட்டினி கிடந்து வெளியே வந்திருக்கிறது. தேன் ஒரு கரண்டி எடுத்தார். பூச்சியைக் குச்சியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஈரம் காயாத சிறகு ஒன்று அவர் விரலில் மடங்கியது. தேனை வாயருகே கொண்டுபோனார், வாய் இருக்கிற இடம் தெரியவில்லை. கொய்யாப்பழத்தை நசுக்கினார், கரும்புச் சாறு கொண்டுவந்தார், பாலில் சிப்பாவைக் கரைத்தார். கடைசியில் அதைத் திரும்பக் குச்சியில் விட்டபோது மூன்று சிறகு பலகைபோல் விரிந்து காய்ந்திருந்தது. நாலாவது மடங்கின மடங்கலிலேயே இறுகிவிட்டது.

மறுநாள் காலை பேருந்துக்குப் போகாமல், பள்ளிக்கூடத்துக்குப் போக நின்றிருந்த எலோடியா டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“நாலு ஜன்னல்காரி. பட்டுப்பூச்சி ஜாதி. பொண்ணு. உணர்கொம்பு ஒல்லியா இருக்கு, வயிறு முழுக்க முட்டை. இது உரா இல்ல ஞா கசில்தா.”

“அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். என்ன குடுத்தாலும் தொட மாட்டேங்குது. எதைத் திங்கும், அதைச் சொல்லுங்க.”

“எதையும் திங்காது. இதுக்கு வாயே கிடையாது.”

கசில்தா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “வாய் இல்லாம யாராவது படைப்பாங்களா? நாலு ஜன்னல் வெக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு வாசல் வெக்கத் தெரியலியா?”

“புழுவா இருந்தப்போ தின்னதுதான் கடைசி வரைக்கும். மிஞ்சிப்போனா ஒரு வாரம் இருக்கும். இதுக்குப் பசிக்காது, பசிக்கிற வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்திருக்கு. இப்போ இருக்கறது ஒரே வேலை. விடியறதுக்கு முன்னாடி வாசனை விட்டு ஆணைக் கூப்பிடும். ரொம்பத் தூரத்துலேர்ந்துகூட வருவான்.” டீச்சர் மடங்கிய சிறகைக் கவனித்தார். “இவளால பறக்க முடியாது போலிருக்கே. ஆண் இங்கேயே வந்தாத்தான் உண்டு. வரலேன்னா முட்டை வெறும் முட்டையாப் போயிடும்.”

கசில்தா ஏப்ரனின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே, “டீச்சர், மனுஷனுக்குக்கூட அப்படி இருக்குமா? வேலையெல்லாம் முடிஞ்சு, பசியே இல்லாம?” என்று கேட்டார்.

எதைக் கேட்கிறார் என்று டீச்சருக்குப் புரிந்தது. “இருக்கும் ஞா கசில்தா” என்றார். “கடைசியில உடம்பு தானே வேண்டாம்னு சொல்லிடும். அது கோபம் இல்ல.”

“அப்போ அவர் பட்டினியாப் போகல.”

“இல்ல.”

கசில்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார், எழுந்து நின்றார். “சரி, அவர் விஷயம் அப்படி. இவ சிறகை மடக்கினது என் கை. மாப்பிள்ளை வந்தே ஆகணும். நான் பாத்துக்கறேன்.”

மாப்பிள்ளை வருவதற்கு இரண்டு தடை. முதலாவது எங்கள் தெருவின் துடைப்பங்கள். இரண்டாவது தோரிபியோவின் விளக்கு. வழி தவறி வெளிச்சத்துக்குப் போகிற பூச்சி விடியும்வரை அதையே சுற்றிக்கொண்டிருக்கும் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்று மாலை கசில்தா கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். விடியற்காலை வேளையில் யாரும் துடைப்பத்தைத் தூக்கக்கூடாது, பெரிய பூச்சி வந்தால் தனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே சிப்பாவை நீட்டினார். வாயில் வைத்தபிறகு மறுத்துப் பேச எங்கள் தெருவில் யாருக்கும் பழக்கமில்லை. நிக்கனோரா மட்டும் மென்று முடித்துவிட்டு, “உராவுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கறவளை இப்பத்தான்டி பாக்கறேன்” என்றார். “உனக்குப் பண்ணி வெச்சாங்களே, அப்ப யாராவது கேள்வி கேட்டாங்களா?” என்று இவர் கேட்டதும் நிக்கனோராவின் புருஷன் உள்ளேயிருந்து சிரித்தார். நிக்கனோரா சிரிக்கவில்லை.

தோரிபியோ கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“விளக்கை அணைக்கவா? லாரிக்காரன் எதைப் பாத்து நிறுத்துவான்? கடை மூடிடுச்சுன்னு அடுத்த ஊருக்குப் போயிடுவான். என்னைக் கடிச்ச ஜாதிக்கு நான் சேவகம் பண்ணணுமா?”

“அதுக்கு வாயே இல்லையாம் கராய், எப்படிக் கடிக்கும்?”

“அது கடிக்கல, ஊத்துச்சு. அது இன்னும் மோசம்.”

“கொஞ்ச நாளைக்குத்தான்.”

“முடியாது ஞா கசில்தா. வேற எதுவேணா கேளுங்க.”

அவர் வேறு எதையும் கேட்கவில்லை. கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். சிப்பா கொடுக்கவில்லை என்பதைத் தோரிபியோ வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தார்.

பண்டத்தை ஈயிலிருந்து மூடி வைக்கும் வலைக்கூடையை ஆமணக்குக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் நாலு ஜன்னல்காரியை வைத்தார் கசில்தா. விடிவதற்கு முன் அடுப்பு மூட்டும் நேரத்தில் அது வயிற்றை நீட்டி, நுனியை வெளியே தள்ளி, அசையாமல் தொங்கும். மனித மூக்குக்கு ஒரு வாசனையும் தெரியாது. கசில்தா மாவை உருட்டிக்கொண்டே அதற்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார். “கூப்பிடு தாயி, வெக்கப்படாத. நல்லாக் கூப்பிடு. ஆம்பளைங்களுக்குக் காது மந்தம்.” வேலியின் அந்தப் பக்கம் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. முதல் காலை யாரும் வரவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வெளிச்சம் வந்தபிறகு, நிக்கனோரா குப்பை முறத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். முறத்தில் செங்கல் நிறச் சிறகுகள். உணர்கொம்புகள் இரண்டும் இறகுபோல் அகலமாக, பரந்து. ஆண். “என் வீட்டுச் சுவத்துலயே உக்காந்திருச்சு கசில்தா. தூக்கத்துல எழுந்து வந்தேன், கை தானாப் போயிருச்சு. வேணும்னு பண்ணல.” உண்மையாகவே வேண்டுமென்று செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கசில்தா கத்துவார் என்று தெரு முழுக்க எதிர்பார்த்துக் கதவோரம் நின்றது. அவர் முறத்தை வாங்கி அடுப்புத் திண்டில் வைத்தார். சிறகை விரலால் நீவிச் சரிசெய்தார், விரல் நுனியெல்லாம் செம்பொடி ஒட்டியது. “எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தானோ. ஒரு தெரு பாக்கி இருந்துச்சு” என்றார். அன்று அவர் ஆமணக்கடியில் குழி தோண்டியதைத் தோரிபியோ கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ டயரைக் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

அன்று சாயங்காலம் அவருடைய கட்டு அவிழ்ந்ததை எங்களில் சிலர் பார்த்தோம். புகையிலையும் கொழுப்பும் கீழே விழுந்தன. முழங்கை மழமழவென்று இருந்தது. ஒரு கொசுக்கடிகூட இல்லை. தோரிபியோ அக்கம்பக்கம் பார்த்தார். அப்புறம் அதே துணியை எடுத்து அதே இடத்தில் பழையபடி சுற்றிக்கொண்டார். இத்தனை நாள் நடமாட்டம் தெரிகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர், வேறு என்ன செய்வார்?

நாலு ஜன்னல்காரி தளர்ந்துகொண்டிருந்தது. நல்ல சிறகுகளின் ஓரமும் கிழிந்து, பொடி உதிர்ந்து, வலையில் கால் பிடிப்பது நழுவியது. வெறும் முட்டைகளாக ஒன்றிரண்டை வலைக்கண்ணில் ஒட்டவும் தொடங்கிவிட்டது. டீச்சர் பார்த்துவிட்டு, “வர்ற விடியக்காலை கூப்பிட்டாத்தான் உண்டு. அதுக்கப்புறம் தெம்பு இருக்காது” என்றார். அன்றைக்குக் கசில்தா பேருந்தில் ஏறினார், ஆனால் யார் மடியிலும் எதையும் வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

மறுநாள் விடியுமுன் அவர் அடுப்பருகே வந்து உட்கார்ந்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. மாவுத்தாழி எங்கே இருக்கிறது என்று கையால் துழாவ வேண்டியிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டு. பஞ்சர் கடை விளக்கு எரியவில்லை. சாலையில் ஒரு லாரி வேகம் குறைத்தது, இருட்டைப் பார்த்தது, வேகம் எடுத்துப் போய்விட்டது. இன்னொன்றும் அப்படியே போனது. கசில்தா மாவுக் கையோடு வேலியைப் பார்த்தபடி நின்றார்.

வலைக்கூடைக்குள் நாலு ஜன்னல்காரி வயிற்றை நீட்டிக்கொண்டு தொங்கியது. கொஞ்ச நேரம் அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும்தான்.

பிறகு வேலிப்படல் திறந்தது. தோரிபியோ வந்துகொண்டிருந்தார். வந்த விதம்தான் விசித்திரம். நிறை குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்போல், முதுகை வளைக்காமல், காலைத் தேய்த்துத் தேய்த்து, இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு. வாய் மட்டும் மெல்ல அசைந்தது. ஜபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன கராய்?”

“கத்தாதீங்க. பின்னாடி பாருங்க. பிடரியில.”

அடுப்பு வெளிச்சத்தில் கசில்தா சுற்றிப் போய்ப் பார்த்தார். சட்டைக் காலருக்கு மேலே, நரைத்த முடிக்குக் கீழே, வெறும் தோலில், சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மாப்பிள்ளை. இறகுக் கொம்புகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“இருட்டுல எங்க போறதுன்னு தெரியாம என் மேல உக்காந்துட்டான்” என்றார் தோரிபியோ, உதட்டை அசைக்காமல். “தட்டிவிடத்தான் கை போச்சு. அப்புறம் நடந்து வந்துட்டேன். சீக்கிரம் எடுங்க ஞா கசில்தா, எனக்கு உயிரே போகுது.”

கசில்தா வலைக்கூடையின் மூடியைத் திறந்து, அவர் தோளோரம் கொண்டுவந்து பிடித்தார். விரலால் தொடவே இல்லை, பொறுமையாக நின்றார். ஆண் ஒரு கால் வைத்தது, இன்னொரு கால் வைத்தது, வலைமேல் ஏறியது, படபடவென்று அடித்துக்கொண்டு உள்ளே போனது. அவர் மூடியைச் சாத்திக் கூடையைக் கிளையில் மாட்டியபோது உள்ளே இரண்டும் ஒன்றாகத் தொங்கின, சிறகு நாலும் சிறகு நாலுமாக.

“போயிட்டானா?”

“போயிட்டான்.”

“ஈரமா இருக்கே பின்னாடி. ஊத்திட்டானா? உண்மையைச் சொல்லுங்க.”

ஊற்றித்தான் இருந்தது. பிடரியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு காலரை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.

“வேர்வை” என்றார் கசில்தா. “அசையாத, நில்லு.”

மாவு ஒட்டிய உள்ளங்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, அந்த ஈரத்தை வெறுங்கையாலேயே வழித்தெடுத்தார். வழித்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.